ராக் பாட்டு டிரம்ஸ கேட்டு நொட்டேஷன் எழுதும்போது எங்கெங்க தப்புது, எப்படி சரி பண்றது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு நம்ம பக்கம் டிரம்ஸ் கத்துக்கிற புள்ளைங்க இப்ப நெறைய ஆயிட்டாங்க. பாதிப் பேரு திருவிழா லைட் மியூசிக்ல உக்காரணும்னு வர்றாங்க, மீதிப் பேரு கிரேடு பரீட்சைக்கு வர்றாங்க. ரெண்டு வகைக்கும் ஒரு கட்டத்துல ராக் பாட்டு ஆசை வந்துரும், "அண்ணே இத எழுதிக் குடுங்கண்ணே"ன்னு போனை நீட்டுவாங்க. நெட்டுல தேடுனா கிடைக்காது, கிடைச்சாலும் பாதி தப்பா இருக்கும், சரி நாமளே கேட்டு எழுதிருவோம்னு உக்காந்தா எங்கயாவது ஒரு எடத்துல முட்டி நின்னுரும். அந்த முட்டுற எடங்களத்தான் கீழ எழுதியிருக்கேன். உங்களுக்கு எது நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிருங்க, வரிசையா படிக்கணும்னு இல்ல.

எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணு. காதுக்கு வர்ற எல்லா சத்தத்தையும் எழுதுறது நம்ம வேலை இல்ல. அங்க ஸ்டூல்ல உக்காந்திருந்த ஆளோட ரெண்டு கையும் ரெண்டு காலும் என்ன பண்ணுச்சோ அத மட்டும்தான் எழுதணும், ஏன்னா கத்துக்கிற புள்ளைக்கும் இருக்கிறது ரெண்டு கை ரெண்டு கால்தான். எக்கோ, மிக்ஸிங்ல சேர்த்தது, சாஃப்ட்வேர் கிளப்பிவிட்ட சத்தம் இதெல்லாம் அவன் அடிச்சது இல்ல. சந்தேகம் வர்ற நோட்டுக்கு எல்லாம் "இது எந்தக் கை, எந்தக் கால்"னு ஒரு கேள்வி கேளுங்க, பதில் வரலன்னா ரப்பர எடுங்க.

சாமான் அதிகம் வேணாம். பாட்ட மெதுவாக்கி, அளந்து கேக்க ஆடாசிட்டி, நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர், ரெண்டு சாஃப்ட்வேரும் காசில்லாம கிடைக்குது, கூட ஒரு வயர் ஹெட்ஃபோன். வயர்னு ஏன் சொல்றேன்னு கீழ வரும்.

"முதல் வெர்ஸ் வரைக்கும் சரியா போகுது, அப்புறம் பார் கோடு நகர்ந்துருது"

இதுதான் அதிகமா வர்ற கேஸ். பார்னா பெரும்பாலும் நாலு பீட் சேந்த ஒரு சுத்து, அத பிரிக்கிற கோடுதான் பார் கோடு. இதுல ரெண்டு வியாதி இருக்கு, பாக்க ஒரே மாதிரி இருக்கும், மருந்து வேற வேற.

கொஞ்சங் கொஞ்சமா நகருதுன்னா அது டெம்போ, அதாவது நிமிஷத்துக்கு எத்தன பீட்டுங்கிற வேகம். பழைய ராக் ரெக்கார்டுல பெரும்பாலும் கிளிக் (மெட்ரோனோம்) போடாம பேண்டு மொத்தமா உக்காந்து வாசிச்சிருப்பாங்க, கோரஸ் வந்தா ஒரு உற்சாகத்துல வேகம் ஏறும், திரும்ப வெர்ஸ்ல எறங்கும். நீங்க சாஃப்ட்வேர்ல 120-ன்னு ஒரு டெம்போவ போட்டு கட்டம் கட்டிட்டு அந்தக் கட்டத்துக்குள்ள அடிய அடைக்கப் பாத்தா ரெண்டாவது நிமிஷத்துல ஸ்நேர் (அடியில கம்பி கட்டுன, சுரீர்னு கேக்கிற டிரம்) பக்கத்துக் கட்டத்துல போயி உக்காரும். அத அப்படியே எழுதுனா எல்லா ஸ்நேரும் ஒரு பதினாறாம் நோட் (கால் பீட்) முன்னால தள்ளிப்போயி, படிக்கிறவன் என்னமோ பெரிய சிங்கோபேஷன்னு (பீட்ட விட்டு வெலகி அழுத்தம் வர்றது) நெனச்சு முழிப்பான். கட்டத்த மறந்துருங்க. ஆடாசிட்டில பாட்ட ஓட விட்டு ஒவ்வொரு பாரோட ஒண்ணாவது பீட்டுலயும் கன்ட்ரோல், எம் சேர்த்து அமுக்கி ஒரு லேபிள் போடுங்க. அப்புறம் ஒவ்வொரு லேபிளுக்கும் அடுத்த லேபிளுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு மட்டும் கேட்டு எழுதுங்க. நொட்டேஷனுக்கு வேகம் ஏறுனாலும் கவலை இல்ல எறங்குனாலும் கவலை இல்ல, நாலு பீட்டுக்குள்ள எது எங்க விழுதுங்கிறதுதான் அதுக்கு வேணும்.

லேபிள் எல்லாமே கொஞ்சம் லேட்டா விழுதுன்னா உங்க கைய திட்டாதீங்க, புளூடூத் ஹெட்ஃபோன கழட்டுங்க. அதுல சத்தம் நூறு, இருநூறு மில்லி செகண்ட் பிந்தி வரும். 120 டெம்போல ஒரு கால் நோட் 500 மில்லி செகண்ட், பதினாறாம் நோட் 125. அப்ப புளூடூத்து மட்டுமே ஒரு முழு பதினாறாம் நோட்ட முழுங்கிரும். வயர் ஹெட்ஃபோன் அதுக்குத்தான்.

கொஞ்சங் கொஞ்சமா இல்லாம ஒரே எடத்துல சடார்னு மாறுதா? இதுவரைக்கும் ரெண்டுலயும் நாலுலயும் விழுந்த ஸ்நேர் திடீர்னு ஒண்ணுலயும் மூணுலயும் விழுதா? அது டெம்போ இல்ல, நடுவுல ஒரு மூணு பீட் பாரோ அஞ்சு பீட் பாரோ ஒளிஞ்சிருக்கு, இல்ல ஃபில் (ஒரு பகுதி முடியிற எடத்துல வர்ற உருட்டல்) ஒண்ண நீங்க ஒரு பீட் கூட்டியோ கொறச்சோ எண்ணிட்டீங்க. இந்த எடத்துல டிரம்ஸ கேக்காதீங்க, பாடுறவரையும் கிட்டாரையும் கேளுங்க. கிட்டார்ல கார்டு (சேத்து வாசிக்கிற சுரங்கள்) மாறுற எடமும் வரி தொடங்குற எடமும் பெரும்பாலும் ஒண்ணாவது பீட்ட காட்டிக் குடுத்துரும். அதுக்கு அப்புறமும் ஒரு பீட் கொறஞ்சோ மிஞ்சியோ இருந்தா தைரியமா அந்த ஒரு பார 3/4-ன்னோ 5/4-ன்னோ எழுதிட்டு அடுத்த பார்ல 4/4-க்கு திரும்பிருங்க. நாலுக்குள்ள எப்படியாவது அமுக்கிரணும்னு பாத்தா அதுக்கு அப்புறம் வர்ற பக்கம் பூரா நாறிரும்.

பாட்டோட தொடக்கமே தப்பா எண்ணிக்கிட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு. கிட்டார் ரிஃப் நாலாவது பீட்டோட பின்பாதில எடுத்து வரும், நம்ம காது அதையே ஒண்ணுன்னு புடிச்சிக்கும், டிரம்ஸ் உள்ள வந்ததும் எல்லாம் அரை பீட் வெலகி கேக்கும். இங்கயும் பின்னால இருந்து வாங்க, டிரம்ஸ் நல்லா ஓடுற ஒரு எடத்துல ஒண்ண உறுதி பண்ணிட்டு ரிவர்ஸ்ல எண்ணிக்கிட்டே தொடக்கத்துக்குப் போங்க.

"பக்கம் பூரா பதினாறாம் நோட்டா கருகருன்னு இருக்கு"

டெம்போவ பாதியா எடுத்துட்டீங்க. 140-ல போற பாட்ட 70-ன்னு வச்சா எட்டாம் நோட் எல்லாம் பதினாறாம் நோட் ஆயிரும், ஒரு பார்ல நாலு ஸ்நேர் வந்து நிக்கும். நேர்மாறா 70-த்த 140-ன்னு வச்சா ரெண்டு பாருக்கு ரெண்டே ஸ்நேர், பக்கம் காலியா கெடக்கும். டெம்போ காட்டுற ஆப்புகளும் இந்த எடத்துல அடிக்கடி ரெட்டிப்பாவோ பாதியாவோ காட்டும், அத நம்பாதீங்க. சாதாரண ராக்குல பாருக்கு ரெண்டு ஸ்நேர் வர்ற மாதிரி வச்சா போதும். பாட்டு ஃபுல்லா சாதாரணமா போயி பிரிட்ஜ்ல மட்டும் ஸ்நேர் மூணாவது பீட்டுல ஒரு தடவைதான் விழுதுன்னா அது ஹாஃப் டைம் ஃபீல். அங்க டெம்போவ மாத்தாதீங்க, மேல ஹாஃப் டைம்னு ஒரு வார்த்தை எழுதுனா போதும்.

"கிக்கே கேக்க மாட்டேங்குது"

போன் ஸ்பீக்கர்ல கேட்டா எப்படிங்க கேக்கும். கிக்கோட, அதாவது காலால அடிக்கிற பெரிய டிரம்மோட, கனமான கீழ்ச் சத்தம் 50-ல இருந்து 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு, போன்ல இருக்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழ எறங்காது. ஹெட்ஃபோன் போட்டும் கேக்கலன்னா பேஸ் கிட்டார் மறைக்குது, ரெண்டும் ஒரே எடத்துல படுத்திருக்கும், அதுவும் நல்ல பேஸ் பிளேயர் கிக்கோட சேந்தே அடிப்பாரு.

ரெண்டு வழி இருக்கு. ஆடாசிட்டில சேஞ்ச் பிட்ச் போட்டு பன்னெண்டு செமிடோன் ஏத்துங்க, 60 ஹெர்ட்ஸ் 120 ஆயிரும், காதுக்கு எட்டும். பாடுறவரு குரல் அணில் மாதிரி ஆயிரும், சிரிச்சுட்டு வேலைய பாருங்க. அதுவும் பத்தலன்னா கிக்கோட அடிப்பகுதிய விட்டுட்டு அதோட "டிக்"க தேடுங்க, பீட்டர் தோல்ல மோதுற அந்தச் சத்தம் ரெண்டாயிரம் மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், பேஸ் கிட்டார் அங்க அவ்வளவு இருக்காது. ஈக்வலைசர்ல கீழ்ப்பகுதிய வெட்டிட்டு இந்தப் பகுதிய தூக்குங்க.

டிரம்ஸ தனியா பிரிச்சுக் குடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கே அது போதாதான்னு கேப்பீங்க. டீசர் கம்பெனி 2019-ல விட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டாவோட டெமக்ஸ் எல்லாம் பாட்ட குரல், டிரம்ஸ், பேஸ், மத்ததுன்னு நாலா பிரிக்கும், நல்லாவே பிரிக்கும். ஆனா பாடுறவரு "ஸ்"னு இழுத்தா அது டிரம்ஸ் பக்கம் ஹை-ஹாட் (காலால மூடித் தொறக்கிற ஜோடி சிம்பல்) மாதிரி வந்து விழும், மெதுவான கிக் ஒண்ணு ரெண்டு பேஸ் பக்கம் போயிரும். பிரிச்சதுல கேட்டு எழுதிட்டு, எழுதுனத முழுப் பாட்டோட வச்சு ஒரு தடவை சரி பாத்துருங்க.

"எழுதுனத வாசிக்கவே முடியல, ஒரு கால் பத்தல"

பெரும்பாலும் எக்கோவ நோட்டா எழுதியிருப்பீங்க. இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல இதுக்கு ரெட்டை காரணம் இருக்கு.

முதல் காரணம் ரெக்கார்டிங்லயே இருக்கிற எக்கோ. லெட் செப்பெலினோட நாலாவது ஆல்பம், 1971-ல வந்தது, அதுல கடைசிப் பாட்டு வென் த லெவீ பிரேக்ஸ். டிரம்ஸ் ஜான் போனம். இங்கிலாந்துல ஹெட்லி கிரேஞ்சுன்னு ஒரு பெரிய பழைய வீடு, அந்த வீட்டுக் கூடத்துல மாடிப்படிக்கு கீழ டிரம்ஸ வச்சு, மேல இருந்து ரெண்டு மைக்க தொங்கவிட்டு, அந்தச் சத்தத்த பின்சன் எக்கோரெக்னு ஒரு எக்கோ பெட்டி வழியா விட்டு எடுத்தாங்க. அதனால அதுல காதுக்கு கேக்கிற எல்லா அடியையும் கால் அடிக்கல, சிலத பெட்டி அடிச்சிச்சு. இது தெரியாம எழுதுனா கூடுதலா கிக்கு வந்து உக்காரும், பையன் அத மிதிச்சு மிதிச்சு முட்டி வலின்னு வந்து நிப்பான், பாட்டோட அந்த கனமான நடையும் வராது.

எக்கோவான்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. எக்கோ எப்பவும் ஒரே நேரம் தள்ளித்தான் வரும், டெம்போ கொஞ்சம் ஏறுனாலும் எறங்குனாலும் அந்த இடைவெளி மாறாது, ஆடாசிட்டில ரெண்டு அடிக்கு நடுவுல செலக்ட் பண்ணா எத்தன மில்லி செகண்ட்னு கீழ காட்டும், பாட்டோட மூணு நாலு எடத்துல அளந்து பாருங்க. மனுசன் அடிச்சதுன்னா கொஞ்சமாவது முன்னபின்ன இருக்கும். அடுத்து, எக்கோ முதல் அடிய விட மந்தமாவும் சத்தம் கொறஞ்சும் இருக்கும். எல்லாத்துக்கும் மேல, பேண்டு மொத்தமா சடார்னு நிக்கிற எடத்த தேடுங்க, எல்லாரும் நின்னதுக்கு அப்புறமும் ஒரு "தும்" வந்துச்சுன்னா முடிஞ்சது கேஸ்.

ரெண்டாவது காரணம் நீங்க உக்காந்து கேக்கிற எடம். நம்ம பக்கத்து பெரிய வீடுகள்ல வளவுல ஸ்பீக்கர் வச்சுக் கேட்டுப் பாருங்க, கீழ ஆத்தங்குடிக் கல்லு, சுவர்ல கண்ணாடி மாதிரி சுண்ணாம்புப் பூச்சு, மேல ஒசரமா கூரை, சத்தத்த உறிஞ்ச ஒரு துணி கூட கெடையாது. சத்தம் நொடிக்கு சுமாரா 340 மீட்டர் போகும். எதிர்ச் சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தா போய்த் திரும்ப 34 மீட்டர், அப்ப சரியா 100 மில்லி செகண்ட் கழிச்சு அந்த அடி திரும்ப வரும். 150 டெம்போல ஒரு பதினாறாம் நோட் எவ்வளவு? அதே 100. சுவர் உங்களுக்கு டபுள் பெடல் அடிச்சுக் குடுக்குது. இந்தத் தெருவுல முகப்பும் அடுத்த தெருவுல பின்வாசலுமா நீண்டு கெடக்கிற வீடுகள்ல இதெல்லாம் சர்வ சாதாரணம். எழுதுற வேலைக்கு ஹெட்ஃபோன்தான், இல்லன்னா மெத்தை, தலகாணி, துணிமணி கெடக்கிற சின்ன ரூமுக்குள்ள போயிருங்க. மாசி-பங்குனில மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கிறப்ப தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க, அந்த நாள்ல இந்த வேலைய எடுக்காம கோவிலுக்குப் போயிட்டு வர்றது உத்தமம்.

"ஹை-ஹாட் எட்டா பதினாறா தெரியல"

ஸ்நேர் விழுற எடத்த மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்க. ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி பதினாறு அடிக்கிறவர், ரெண்டுலயும் நாலுலயும் வலது கைய ஸ்நேருக்கு கொண்டு போவாரு, அதனால அந்த எடத்துல ஹை-ஹாட் காணாமப் போயிரும். ஒத்தக் கையால வாசிக்கிறவருக்கு ஸ்நேரோட சேந்து ஹை-ஹாட்டும் கேக்கும். இத வச்சே கை முறையையும் எழுதிரலாம், புள்ளைங்களுக்கு அது ரொம்ப உதவும்.

அடிக்கடி பாக்குற இன்னொண்ணு, கிராஷ் (ஓங்கி அடிக்கிற பெரிய சிம்பல்) விழுற அதே பீட்டுல ஹை-ஹாட், ஸ்நேர், கிராஷ் மூணும் எழுதியிருப்பாங்க. மூணாவது கை எங்க இருந்து வந்துச்சு? கிராஷ அடிக்கப் போன கை ஹை-ஹாட்ட விட்டுட்டுத்தான் போகும், அந்தப் பீட்டுல ஹை-ஹாட்ட எடுத்துருங்க. கிராஷோட பெரும்பாலும் கிக் சேந்து வரும், கிராஷ் சத்தத்துல அது அமுங்கிப்போயிருக்கும், அத விட்டுட்டீங்களான்னும் பாருங்க.

ஓப்பன் ஹை-ஹாட்டுக்கு நோட்டுக்கு மேல ஒரு சின்ன வட்டம், மூடுற எடத்துல கூட்டல் குறி. வட்டத்த எங்க போடணும்னா கை அடிச்ச எடத்துல, சத்தம் பெருசா விரியிற எடத்துல இல்ல. மெதுவா ஓட விட்டுக் கேக்கிறப்ப "ஷ்ஷ்"ங்கிற சத்தம் அடிக்கு அப்புறம்தான் பெருசா தெரியும், அத நம்பி ஒரு நோட் தள்ளிப் போட்டுருவாங்க.

ரைடு சிம்பலா ஹை-ஹாட்டான்னு குழப்பம்னா கோரஸ் வரைக்கும் ஓட விடுங்க, ரைடுன்னா ஒவ்வொரு அடிக்குப் பின்னாலயும் ஒரு ரீங்காரம் சேந்துக்கிட்டே போகும், ஹை-ஹாட் கால் மூடுனா செத்துரும்.

"மெதுவாக்குனா புதுசு புதுசா நோட் வருது"

பாதி வேகத்துக்குக் கீழ போகாதீங்க. வேகத்த கொறைக்கிற சாஃப்ட்வேர் சத்தத்த துண்டு துண்டா வெட்டி இழுத்து ஒட்டுது, அதுல ஒரே அடி ரெண்டா பிளந்து ஃப்ளாம் (ரெண்டு குச்சியும் துளி முன்னபின்ன விழுற அடி) மாதிரி கேக்கும். 75 சதவீதத்துல ஃப்ளாம் இல்ல, 50-ல இருக்குன்னா அது சாஃப்ட்வேர் பண்ணது. 75-லயே தெளிவா தெரிஞ்சா எழுதுங்க.

அடுத்தது கோஸ்ட் நோட். ஸ்நேர்ல பெரிய அடிகளுக்கு நடுவுல முணுமுணுன்னு மெல்லமா தட்டுறது, அத அடைப்புக்குறிக்குள்ள எழுதுவோம். ஆனா ஸ்நேருக்கு கீழ கம்பி இருக்குல்ல, அது கிக் அடிச்சாலும் டாம் அடிச்சாலும் தானா சலசலக்கும். அத கோஸ்ட் நோட்டுன்னு எழுதுறவங்க நெறைய. வித்தியாசம் சுலபம், கம்பிச் சலசலப்பு எப்பவும் இன்னொரு அடியோட ஒட்டிக்கிட்டே வரும், அதுக்குன்னு தனியா ஒரு தொடக்கம் இருக்காது. கோஸ்ட் நோட்டு ரெண்டு அடிக்கு நடுவுல தனக்குன்னு ஒரு எடத்துல, குச்சி பட்ட "டக்"கோட வரும். ஆடாசிட்டியோட ஸ்பெக்ட்ரோகிராம் வியூல (சத்தத்த கீழ்ச் சுருதில இருந்து மேல வரைக்கும் படமா காட்டுறது) பாத்தா குச்சி பட்ட எடத்துல கீழ இருந்து மேல வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு நிக்கும், சலசலப்புக்கு அந்தக் கோடு இருக்காது, மேகம் மாதிரி பரவி இருக்கும்.

இதுல என் கருத்து என்னன்னா, மூணு மாசம் கூட ஆகாத புள்ளைக்கு எழுதுறப்ப கோஸ்ட் நோட்ட விட்டுருங்க. இருக்குன்னு தெரிஞ்சே விடுறது வேற, கேக்காம விடுறது வேற. அதே பாட்டுக்கு ரெண்டு தாள் வச்சுக்கலாம், கிக் ஸ்நேர் ஹை-ஹாட் மட்டும் ஒண்ணு, முழுசா ஒண்ணு. சில வாத்தியார்கள் இத ஒத்துக்க மாட்டாங்க, முழுசாத்தான் குடுக்கணும்பாங்க, முழுசா குடுத்து பாட்டையே வெறுத்துப்போன புள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

"ஃபில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வருது"

ஃபில்ல முன்னால இருந்து எழுதாதீங்க. அது முடிஞ்சு கிராஷ் விழுற எடம்தான் அடுத்த பாரோட ஒண்ணு, அங்க இருந்து பின்னால நடங்க. கடைசி அடி எது, அதுக்கு முந்தினது எது, இப்படியே போனா ஃபில் மூணாவது பீட்டுல தொடங்குதா மூணோட பின்பாதில தொடங்குதாங்கிறது தானா தெரிஞ்சிரும்.

எத்தனை அடின்னு எண்ணுறதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே நல்ல முறை இருக்கு, சொல்லுக்கட்டு. இங்க புள்ளைங்க கோவில்ல தவில் கேட்டு வளந்தது, மிருதங்கத்துல காரைக்குடி மணின்னு உலகமே சொன்ன பேரும் இந்த ஊர் பேருதான். "ஒன் இ அண்ட் அ"-ன்னு சொல்லிக் குடுத்தா நாக்கு தடுமாறுற பையன் தகதிமின்னா உடனே புடிச்சுக்கிறான். ஃபில்ல ஒரு பீட்டுக்கு தகதிமி பொருந்துனா பதினாறாம் நோட், தகிட பொருந்துனா டிரிப்லெட், தகிட தகிடன்னு ரெண்டு தடவை அடைஞ்சா செக்ஸ்டுப்லெட். பாட்டு ஓட ஓட வாயால சொல்லிப் பாருங்க, வாய் முந்துனா அடி கம்மி, பிந்துனா அடி ஜாஸ்தி. 7/8-ல போற பாட்டுக்கும் தகிட தகதிமியா தகதிமி தகிடவான்னு கேட்டுட்டு அதுக்கு ஏத்த மாதிரி பீம் (நோட்டுகள சேக்கிற கோடு) கட்டுங்க, அப்பதான் எங்க அழுத்தம்னு படிக்கிறவனுக்குத் தெரியும்.

எந்த டாம்னு தெரியலன்னா ஹெட்ஃபோன்ல இடது வலது கவனிங்க. ஹை-ஹாட் வலது காதுல வந்தா மிக்ஸ் பண்ணவரு ஆடியன்ஸ் பக்கத்துல இருந்து வச்சிருக்காரு, இடதுல வந்தா டிரம்மர் பக்கத்துல இருந்து வச்சிருக்காரு, டிரம்மர் வலதுகைக்காரர்னு வச்சுக்கிட்டு சொல்றேன். அத தெரிஞ்சுக்கிட்டா ஃபில் எந்தப் பக்கம் நகருதுங்கிறத வச்சே சின்ன டாம்ல இருந்து ஃப்ளோர் டாமுக்கு எறங்குதான்னு சொல்லிரலாம். பழைய மோனோ ரெக்கார்டுல இது செல்லாது, சுருதிய வச்சுத்தான் பாக்கணும். எழுதி முடிச்சதும் ஒரு தடவை வலது இடது வலது இடதுன்னு காத்துல அடிச்சுப் பாருங்க, கை குறுக்க மாட்டுனா டாமோட வரிசை தப்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

"ஷஃபிள் பாட்டு எழுதுனா அசிங்கமா இருக்கு"

புள்ளி வச்ச எட்டாம் நோட்டும் பதினாறாம் நோட்டுமா எழுதியிருப்பீங்க, அது விறைப்பா வாசிக்க வைக்கும், ஷஃபிள் அப்படி இல்ல. தகிட சொல்லி அதுல "கி"-ய மட்டும் முழுங்குங்க, த-வும் ட-வும் மிச்சம், அதுதான் ஷஃபிள். சாதாரண ஷஃபிள்னா நேரா எட்டாம் நோட்டா எழுதிட்டு பாட்டு தலைப்புல ஸ்விங்னு குறிச்சா போதும். ஆனா அந்த முழுங்குன எடத்துலயும் கோஸ்ட் நோட் வருதுன்னா டிரிப்லெட்டா விரிச்சுத்தான் எழுதணும். பெர்னார்ட் பர்டிங்கிற அமெரிக்க டிரம்மர் பேர்ல பர்டி ஷஃபிள்னு ஒண்ணு இருக்கு, அதுல ஹை-ஹாட் த-லயும் ட-லயும், நடுவுல இருக்கிற "கி"-ல ஸ்நேர் கோஸ்ட் நோட், பெரிய ஸ்நேர் மூணாவது பீட்டுல. இத ஸ்விங்னு ஒரு வார்த்தைல அடைக்க முடியாது.

"மிடி ஃபைல மியூஸ்ஸ்கோர்ல தொறந்தா பியானோ நோட்டா வருது"

மிடி ஃபைல்ல சத்தம் இல்ல, எந்த நோட்டு எப்பங்கிற நம்பர்தான் இருக்கும். அத தொறந்தா கோட்டுக்கு ரொம்ப கீழ நோட்டு தொங்கும், ஓட விட்டா பியானோ மொத்துற சத்தம் வரும். பயப்பட ஒண்ணும் இல்ல, அந்த டிராக் டிரம்ஸ்னு மியூஸ்ஸ்கோருக்குத் தெரியல. ஜெனரல் மிடி முறைல டிரம்ஸுக்கு பத்தாவது சேனல். மிடில் சி 60, கிக்கு 36, அதான் பியானோல ரெண்டு ஆக்டேவ் கீழ போயி நிக்குது. ஸ்நேர் 38, மூடுன ஹை-ஹாட் 42, தொறந்தது 46, கிராஷ் 49, ரைடு 51. மிடி எடிட்டர்ல சேனல பத்துக்கு மாத்தி சேவ் பண்ணித் திரும்பத் தொறங்க. லைட் மியூசிக் ஆளுங்க ரிதம் பேட்ல இருந்து எடுத்துக் குடுக்கிற மிடில நம்பர் எல்லாம் அவங்கவங்க இஷ்டத்துக்கு வச்சிருப்பாங்க, தவில் சத்தம் 49-ல உக்காந்திருக்கும், அத ஒவ்வொண்ணா தட்டிக் கேட்டு மாத்திக்கிட்டுத்தான் கொண்டு வரணும்.

நோட்டுக்கு நடுவுல முப்பத்திரெண்டாம் ரெஸ்ட்டும் டையுமா சிதறிக் கெடந்தா அது குவான்டைஸ் பண்ணாத (நோட்ட பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து வைக்காத) மிடி. ரீப்பர் மாதிரி ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல பதினாறுக்கு குவான்டைஸ் பண்ணி, எல்லா நோட்டோட நீளத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டு அப்புறம் கொண்டு வாங்க. ஷஃபிளுக்கு பதினாறுக்கு பண்ணிராதீங்க, டிரிப்லெட்டுக்குப் பண்ணணும்.

"எல்லாம் சரி, ஆனா பையனுக்குப் படிக்க வரல"

தாளப் பாருங்க. மேல கைக்கு ஒரு குரல் (மியூஸ்ஸ்கோர்ல வாய்ஸ்னு இருக்கும்), கீழ காலுக்கு ஒரு குரல்னு ரெண்டா எழுதுனா கால் சும்மா இருக்கிற எடம் எல்லாம் ரெஸ்ட்டு வந்து நிக்கும், புதுசா படிக்கிறவனுக்கு அதுதான் பெரிய தலைவலி. தொடக்கத்துல எல்லாத்தையும் ஒரே குரல்ல, ஒரே தண்டுல எழுதுங்க, கிக்கும் ஹை-ஹாட்டும் ஒரே கோட்டுல மேலயும் கீழயுமா நின்னா சேந்து அடிக்கணும்னு பாத்ததும் தெரிஞ்சிரும். மியூஸ்ஸ்கோர் கிக்க தானா ரெண்டாவது குரல்ல போடும், அத ஒண்ணாவதுக்கு மாத்திக்கணும். ரெண்டு குரல்தான் வேணும்னு நெனைக்கிறவங்க, ரெண்டாவது குரல்ல வர்ற ரெஸ்ட்ட செலக்ட் பண்ணி டெலீட் அமுக்குனா போயிரும்.

ஒரு வரிக்கு நாலு பார், அதுக்கு மேல வேணாம். வெர்ஸ், கோரஸ் தொடங்குற எடத்துல பெரிய எழுத்துல ஒரு பேரு, அது எப்பவும் வரியோட முதல்ல வர்ற மாதிரி. அப்படியே திரும்ப வர்ற பார திரும்பத் திரும்ப எழுதாம ரிப்பீட் குறி போடுங்க, எட்டு பாருக்கு ஒரு தடவை மேல எண் குறிச்சிருங்க. தாளோட தலைல எந்த எடம் எந்த டிரம்னு ஒரு சின்ன விளக்கம் கண்டிப்பா இருக்கணும், கிக் கீழ் இடைவெளில, ஸ்நேர் மேல இருந்து ரெண்டாவது இடைவெளில, ஹை-ஹாட் மேல் கோட்டுக்கு மேல பெருக்கல் குறிங்கிறது பொதுவானதுதான், ஆனா டாமும் சிம்பலும் ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொரு எடத்துல இருக்கும்.

அப்புறம் ஜெராக்ஸ். மெல்லிசா எழுதுன பெருக்கல் குறியும் கோஸ்ட் நோட்டோட அடைப்புக்குறியும் ரெண்டாவது ஜெராக்ஸ்லயே மங்கிரும், அதுக்கு அப்புறம் கோஸ்ட் நோட்டு சாதாரண நோட்டா தெரிஞ்சு பையன் ஓங்கி அடிப்பான், நாம அவனத் திட்டுவோம். மியூஸ்ஸ்கோர்ல ஸ்டாஃப் (அஞ்சு கோடு) அளவ கொஞ்சம் பெருசாக்கி பிடிஎஃப் எடுத்து அதுல இருந்தே ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் போடச் சொல்லுங்க, பிரிண்ட்ட வச்சு ஜெராக்ஸ் எடுக்க விடாதீங்க.

பையன் வாசிக்கிறப்ப ஒரே பார்ல தொடர்ந்து தடுக்குறான்னா அவன பத்து தடவை வாசிக்க வைக்கிறதுக்கு முன்னால அந்த பார திரும்ப ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு வாங்க.